அம்மாவுக்கு ஹார்மோன் மாத்திரை: பயப்படணுமா?

நீங்க சென்னையில, அம்மா செஞ்சி பக்கம் அவலூர்பேட்டையில. மாதவிடாய் நின்னு ரெண்டு வருஷம் ஆச்சு. ராத்திரியில உடம்பு குப்புனு சூடாகுது, வேர்த்து ஊத்துது, தூக்கமே இல்லை. ஹார்மோன் சிகிச்சைன்னு பேச்செடுத்தா, "ஐயோ, கேன்சர் வரும்"னு யாராவது தடுப்பாங்க.

இந்தப் பயம் 2002-ல அமெரிக்காவுல வெளியான ஒரு ஆய்வுக்கு அப்புறம் பரவினது. ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டின் ரெண்டும் சேர்ந்த மாத்திரை எடுத்தவங்கள்ல, வருஷத்துக்கு 10,000 பேருக்கு 8 பேர் கூடுதலா மார்பகப் புற்றுநோய்க்கு ஆளானாங்க. ரத்தக்கட்டி, பக்கவாதமும் கூடுச்சு. இடுப்பெலும்பு முறிவு குறைஞ்சுது. ஆனா, கலந்துக்கிட்டவங்களோட சராசரி வயசு 63!

60 வயசுக்குள்ள, மாதவிடாய் நின்ன 10 வருஷத்துக்குள்ள தொடங்கினா, இந்த மாதிரி தொந்தரவு உள்ள பெரும்பாலானவங்களுக்கு ஆபத்தை விட நன்மை அதிகம்னு மருத்துவர்கள் இப்போ சொல்றாங்க.

எல்லாருக்கும் இது ஒத்துவராது. மார்பகப் புற்றுநோய், ரத்தக்கட்டி, பக்கவாதம் வந்தவங்களுக்குப் பொதுவா கொடுக்கறதில்லை. கர்ப்பப்பை இருக்கிறவங்க ஈஸ்ட்ரோஜனை மட்டும் எடுத்தா, கர்ப்பப்பை உட்சுவர்ல புற்றுநோய் வரலாம். அதனாலதான் புரோஜெஸ்டினும் சேர்க்கறாங்க.

அதனால கடையில நீங்களா மாத்திரை வாங்காதீங்க. அம்மாவோட வயசு, மாதவிடாய் நின்ன வருஷம், கர்ப்பப்பை எடுத்தாச்சா, பழைய நோய்கள் எல்லாத்தையும் எழுதிக்கிட்டு மகப்பேறு மருத்துவர்கிட்ட கூட்டிட்டுப் போங்க. மாதவிடாய் நின்ன பிறகு துளி ரத்தம் பட்டாலும் தள்ளிப்போடாம காட்டுங்க.