காரணம் தேடி அலைந்த பதின்மூன்று படங்கள்



திகில் படவரிசைகளைப் பற்றிய கருத்தரங்கை 'ஹாலோவீன்' படங்களிலிருந்து தொடங்குவதில் சிலருக்கு ஆட்சேபம் இருக்கலாம். டிராகுலாவும் காட்ஸில்லாவும் வயதில் மூத்தவர்கள், பரம்பரையும் பெரியது. 'ஹாலோவீன்' 1978-இல்தான் பிறந்தது. 2022 வரை 13 படங்கள். ஆனாலும் ஒரு படவரிசை தன் மூலப் படத்தோடு எத்தனை விதமாக மல்லுக்கட்ட முடியும் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி கிடைப்பது அரிது. முதல் படம் ஒரு கொலைகாரனைக் காட்டிவிட்டு, அவன் ஏன் கொல்கிறான் என்பதைச் சொல்லாமலே விட்டது. பின்னால் வந்தவர்களால் அந்த மௌனத்தைத் தாங்க முடியவில்லை. ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள், ஒன்றும் எடுபடவில்லை.

அந்த முதல் படத்துக்கு ஆன செலவு சுமார் 3 லட்சம் டாலர். ஹாலிவுட் கணக்கில் அது சில்லறைக் காசு. பணம் போட்டவர் சிரியாவின் அலெப்போவில் பிறந்த முஸ்தஃபா அக்காட். நபிகளின் காலத்தைச் சொல்லும் 'தி மெசேஜ்' படத்தை இயக்கியவர். இயக்குநர் ஜான் கார்பென்டர். அவரோடு சேர்ந்து எழுதித் தயாரித்தவர் டெப்ரா ஹில். கதை நடக்கும் ஹாடன்ஃபீல்ட் என்ற ஊரை இல்லினாய் மாநிலத்தில் வைத்தார்கள். பெயரை ஹில் பிறந்த நியூ ஜெர்சி ஊரிலிருந்து எடுத்துக்கொண்டார்கள். படம் பிடித்ததோ கலிஃபோர்னியாவில், அதுவும் வசந்த காலத்தில். கதைக்கு அக்டோபர் மாதத்துச் சருகு வேண்டும். காகித இலைகளுக்குப் பழுப்பு வண்ணம் அடித்துத் தெருவில் கொட்டினார்கள். காட்சி முடிந்ததும் அதே இலைகளைக் கூட்டி அள்ளி, அடுத்த காட்சிக்குக் கொண்டுபோய்க் கொட்டினார்கள். கூர்ந்து பார்த்தால் சில காட்சிகளின் ஓரத்தில் பனைக் குடும்பத்து மரங்கள்கூடத் தென்படும். இல்லினாயில் ஏது பனை!

முகமூடியின் கதை அதைவிட வேடிக்கை. கலை வடிவமைப்பாளர் டாமி லீ வாலஸ் கடையில் வாங்கி வந்தது 'ஸ்டார் டிரெக்' தொடரின் கேப்டன் கிர்க் முகமூடி. விலை இரண்டு டாலருக்குள். நடிகர் வில்லியம் ஷாட்னரின் முகத்தை அச்செடுத்தது அது. வாலஸ் கண் துளைகளைப் பெரிதாக்கி, முடியைக் கலைத்து, முகத்துக்கு வெள்ளை அடித்தார். கோபம், சிரிப்பு, பைத்தியம் எதுவும் எழுதப்படாத முகம் வந்து நின்றது. ஒரு நிபுணர் மாதக்கணக்கில் உட்கார்ந்து செய்திருந்தால் இவ்வளவு வெறுமையாக அமைந்திருக்குமா என்பது சந்தேகம்தான்.

படத்தின் முதல் சில நிமிடங்களைத் திரைப்பட மாணவர்கள் இன்றும் துருவிப் பார்க்கிறார்கள். ஆண்டு 1963. யாரோ ஒருவர் வீட்டைச் சுற்றி வருகிறார். ஜன்னல் வழியே எட்டிப் பார்க்கிறார், சமையலறையில் கத்தியை எடுக்கிறார், மாடியேறுகிறார். எல்லாமே அந்த ஆளின் கண் வழியாக. அக்காவைக் குத்திவிட்டு வாசலுக்கு வந்ததும் முகமூடி கழற்றப்படுகிறது: கோமாளி உடுப்பில் ஆறு வயதுப் பையன் மைக்கேல் மயர்ஸ். கத்தியை எடுக்கும் அந்தக் கை சிறுவனுடையதல்ல, டெப்ரா ஹில்லுடையது. முகமூடி கழலும் முன் சில நிமிடங்கள் பார்வையாளரும் கொலைகாரனும் ஒரே கண்ணால் பார்த்திருக்கிறார்கள். அந்தச் சங்கடம் படம் முடியும்வரை நம்மை விடுவதில்லை.

பதினைந்து ஆண்டுகளுக்குப் பிறகு மைக்கேல் மனநல விடுதியிலிருந்து தப்பி ஊருக்கு வருகிறான். ஏன் பள்ளி மாணவி லாரி ஸ்ட்ரோடைக் குறி வைக்கிறான்? படம் தரும் ஒரே தடயம் இதுதான்: லாரியின் அப்பா வீடு விற்கும் தொழில் செய்பவர், அவர் சொன்னபடி அவள் பள்ளிக்குப் போகும் வழியில் பாழடைந்த மயர்ஸ் வீட்டு வாசலில் சாவியை வைத்துவிட்டுப் போகிறாள். அவன் உள்ளே நிற்கிறான். அவ்வளவே. சிகிச்சை அளித்த டாக்டர் லூமிஸிடமும் விளக்கம் இல்லை. அவனை எட்டிப் பிடிக்க எட்டு ஆண்டும், வெளியே விடாமல் தடுக்க ஏழு ஆண்டும் போயின என்று மட்டும் சொல்கிறார். லூமிஸாக நடித்த டொனால்ட் ப்ளெசன்ஸ் அதைச் சொல்லும் விதத்தில், மருத்துவம் கைவிரித்த ஒருவரின் களைப்பு தெரிகிறது.

இசையும் காரணம் சொல்லாத இசைதான். கார்பென்டர் தாமே அமைத்த பியானோ மெட்டு ஐந்து எண்ணிக்கையில் ஓடுகிறது. சிறு வயதில் போங்கோ மேளத்தில் அந்தக் கணக்கைக் கற்றுக்கொடுத்தவர் அவருடைய அப்பா. கண்ட சாபு தாளம் கேட்டுப் பழகிய நம் காதுக்கு ஐந்து புதிதல்ல. நாலு நாலாக எண்ணிப் பழகிய அமெரிக்கக் காதுக்கோ ஒவ்வொரு சுற்றும் நிற்க இடம் கிடைக்காமல் தடுமாறியது.

வசூல் அமெரிக்காவில் மட்டும் சுமார் 4 கோடியே 70 லட்சம் டாலர். இரண்டாம் பாகம் வராமல் இருக்குமா?

1981-இல் வந்தது. கார்பென்டரும் ஹில்லும் எழுதிய அந்தப் படத்தில்தான் முதல் காரணம் நுழைந்தது: லாரி உண்மையில் மைக்கேலின் தங்கை. அதோடு நிற்கவில்லை. முதல் படத்தைத் தொலைக்காட்சியில் போடும்போது நேரத்தை நிரப்பச் சில காட்சிகளைப் புதிதாக எடுத்துச் சேர்த்தார்கள். அவற்றில் ஒன்றில் மைக்கேல் இருந்த அறைக் கதவில் 'தங்கை' என்று கீறப்பட்டிருக்கிறது. பிந்திய படத்தின் காரணத்தை முந்திய படத்துக்குள் செருகிய வேலை. தன் சிறந்த படத்தின் மேல் தானே கை வைத்த இயக்குநர் என்று கார்பென்டரைச் சொல்வது கடுமையாக இருக்கலாம், தவறாகாது.

1995-இல் வந்த ஆறாம் பாகம் ஒரு ரகசியக் கூட்டத்தையும் பழைய சாபத்தையும் கொண்டுவந்தது. 2007-இல் ராப் ஸாம்பி கதையை மறுபடி முதலிலிருந்து எடுத்து, குடும்பக் கொடுமையில் வளர்ந்த பிள்ளை என்று விளக்கினார். ஸாம்பியின் படத்தில் உழைப்பு இருக்கிறது, துணிவும் இருக்கிறது. ஆனால் பரிதாபப்பட ஆரம்பித்த பிறகு அந்த வெள்ளை முகத்தைப் பார்த்து நடுங்குவது எப்படி?

விநோதம் என்னவென்றால், வரிசை பிழைத்ததே தன் பிள்ளைகளைத் தானே மறுத்துத்தான். 1988-இன் நான்காம் பாகத்தில் லாரி விபத்தில் செத்துப்போனதாகச் செய்தி. 1998-இன் 'எச்20'-இல் ஜேமி லீ கர்ட்டிஸ் நடித்த லாரி உயிரோடு திரும்பினாள். நான்கு, ஐந்து, ஆறு நடக்கவே இல்லை என்று ஆனது. 2002-இன் பாகத்தில் லாரியைக் கொன்றார்கள். 2018-இல் டேவிட் கார்டன் க்ரீன், முதல் படம் தவிர எல்லாவற்றையும் அழித்துவிட்டு, பாட்டி வயது லாரியைத் துப்பாக்கியோடு நிறுத்தினார். தங்கை உறவைப் பற்றிப் பேச்சு வரும்போது, அது ஊரார் கட்டிவிட்ட கதை என்று பேத்தி ஒரே வாக்கியத்தில் தள்ளிவிடுகிறாள். 37 ஆண்டுக் காரணம் அந்த நிமிடத்தில் காலி. படம் உலகெங்கும் 25 கோடி டாலருக்கு மேல் வசூலித்தது.

இந்தப் படங்களை எப்படிப் படிப்பது என்ற சண்டை கல்விப்புலத்திலும் உண்டு. 1980-களின் இறுதியில் ஆய்வாளர் கேரல் க்ளோவர், கடைசிவரை பிழைத்து நிற்கும் பெண்ணை வைத்து, கொலைகாரன் ஒவ்வொருவராக வெட்டிச் சாய்க்கும் 'ஸ்லாஷர்' படங்களை ஆராய்ந்தார். கொலைகாரனின் கண்ணில் தொடங்கும் பார்வையாளர், முடிவில் அந்தப் பெண்ணின் பக்கம் வந்துவிடுகிறார் என்பது அவர் வாதம். அதற்கு முன்பு இத்தகைய படங்களை ஒழுக்கம் தவறிய பெண்களுக்குத் தண்டனை என்று மட்டும் படித்தவர்கள் ஏராளம். கார்பென்டர் அந்தப் படிப்பை ஏற்கவே இல்லை. லாரி அலமாரிக்குள் ஒடுங்கி, கம்பி ஹாங்கரை வளைத்து நீட்டி மைக்கேலின் கண்ணில் குத்தும் காட்சியைப் பார்த்தால் க்ளோவரின் வாதத்துக்கே எடை கூடும். அங்கே பிழைக்க வைப்பது புண்ணியமல்ல, கையில் அகப்பட்ட கம்பி.

இன்றைய முதல் அமர்வு 1982-இன் மூன்றாம் பாகத்துக்கு ஒதுக்கப்பட்டிருப்பது தற்செயலல்ல. அதில் மைக்கேல் கிடையாது. ஆண்டுக்கொரு தனிக் கதை என்று வரிசையை மாற்ற கார்பென்டரும் ஹில்லும் எண்ணினார்கள். குழந்தைகளுக்கு முகமூடி விற்கும் கம்பெனி ஒன்று தொலைக்காட்சி விளம்பரத்தின் மூலம் அவர்களைக் கொல்லத் திட்டமிடும் கதையை வாலஸ் இயக்கினார். முதல் 'ஹாலோவீன்' அங்கே தொலைக்காட்சியில் ஓடும் ஒரு படம் மட்டுமே. ரசிகர்கள் மைக்கேல் எங்கே என்று கேட்டார்கள். ஆறு ஆண்டு கழித்து மைக்கேலைத் தலைப்பிலேயே போட்டு அழைத்துவர வேண்டியதாயிற்று. ஆனால் மூன்றாம் பாகத்துக்கு இன்று தனி ரசிகர் கூட்டம் சேர்ந்துவிட்டது. காரணம் தெரியாத கொலைகாரனை விடவும் குழந்தைகளைக் கொல்லும் கம்பெனியை ஏற்க 1982-இன் பார்வையாளர் ஏன் தயங்கினார், இன்றைய பார்வையாளர் ஏன் தயங்கவில்லை என்ற கேள்வியை முதல் கட்டுரையாளர் எடுத்துக்கொண்டிருக்கிறார். மேடைக்கு அவர் வரலாம்.