ரத்தம் உறைவதும் கரைவதும்

 

காய் நறுக்கும்போது அரிவாள்மனையில் விரல் பட்டுவிடுகிறது. ரத்தம் வருகிறது. அழுத்திப் பிடிக்கிறோம். சிறிது நேரத்தில் நின்றுவிடுகிறது. நிறுத்தியது யார்? நம் ரத்தமேதான். ரத்தத்தில் மெல்லிய நூல்கள் உண்டாகின்றன. அவை வலைபோலப் பின்னிக்கொண்டு காயத்தை அடைக்கின்றன. இதுதான் ரத்தம் உறைவது.

சரி, காயம் ஆறிய பிறகு அந்த வலை என்ன ஆகும்? இதை யாரும் கேட்பதில்லை. அதை வெட்டிக் கரைக்க நம் உடம்பிலேயே ஒரு பொருள் இருக்கிறது. அதன் பெயர் பிளாஸ்மின். அதை ஒரு கத்தரிக்கோல் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் கத்தரிக்கோல் எந்நேரமும் வெட்டிக்கொண்டே இருந்தால் காயம் ஆறுமா? ஆறாது. அதனால் கத்தரிக்கோலைத் திறக்கவிடாமல் பிடித்துக்கொள்ள ஒரு தடுப்பானும் உண்டு. டாக்டர்கள் அதை பி.ஏ.ஐ.-1 என்பார்கள். நாம் தடுப்பான் என்றே சொல்வோம்.

தடுப்பான் அளவாக இருந்தால் நல்லது. அதிகமானால்தான் ஆபத்து.

எப்போது அதிகமாகிறது? தொப்பை போடும்போது. தொப்பைக் கொழுப்பு சும்மா தொங்கும் சதை இல்லை. அது தடுப்பானைச் சுரந்து ரத்தத்தில் விடுகிறது. "நாலு காசு சேர்ந்த உடம்பு" என்று தொப்பையைத் தடவிக்கொள்கிறோமே, அதற்குள் நடப்பது இதுதான். சர்க்கரை நோயிலும் தடுப்பான் கூடுகிறது. அதோடு, ரத்தத்தில் உள்ள சர்க்கரை அந்த வலை நூல்களில் ஒட்டிக்கொள்கிறது. வலை நெருக்கமாகிறது. கத்தரிக்கோலுக்கு எளிதில் வெட்டுப்படாது. தொப்பையும் சர்க்கரையும் சேர்ந்த உடம்பில் உறைந்த ரத்தம் லேசில் கரையாது.

அந்தக் கட்டி இதயத்துக்குப் போகும் குழாயை அடைத்தால் மாரடைப்பு. மூளைக்குப் போகும் குழாயை அடைத்தால் பக்கவாதம். இன்னொன்றும் கேளுங்கள். இந்தத் தடுப்பான் விடியற்காலையில்தான் எல்லோருக்கும் அதிகமாக இருக்கும். காலை நேரத்தில் மாரடைப்பு அதிகம் வருவதற்கு இதுவும் ஒரு காரணம்.

இது யாரோ சிலருடைய கதை இல்லை. 2023-இல் வெளியான ஒரு பெரிய ஆய்வின்படி நம் நாட்டில் சுமார் 10 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய். ஒல்லியானவர்களுக்கும் வருகிறது. ஆகவே "எனக்கென்ன" என்று இருந்துவிட வேண்டாம்.

காலையில் எழுந்ததும் ஒருவருக்கு வாய் கோணுகிறது. ஒரு கை தூக்க முடியவில்லை. பேச்சு குழறுகிறது. நாம் என்ன செய்கிறோம்? "வாயு பிடிப்பு, படுத்தால் சரியாகும்" என்கிறோம். எண்ணெய் தேய்க்கிறோம். பொழுது போய்விடுகிறது. மூளையில் அடைத்த கட்டியைக் கரைக்க ஊசி இருக்கிறது. நம் கத்தரிக்கோலைத் திறந்துவிடும் ஊசி அது. ஆனால் பொதுவாக 4½ மணி நேரத்துக்குள் போட வேண்டும். அதற்கு முன் தலையை ஸ்கேன் எடுத்துப் பார்க்க வேண்டும். ஏனென்றால் சிலருக்கு அடைப்பு இருக்காது, ரத்தக் குழாய் வெடித்திருக்கும். அவர்களுக்கு இந்த ஊசி போடக்கூடாது. நீங்களும் கைவசம் உள்ள மாத்திரை எதையும் கொடுத்துவிடாதீர்கள். 108-க்குச் சொல்லி, ஸ்கேன் உள்ள ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள். நெஞ்சு வலிக்கும் இப்படித்தான். உடனே போக வேண்டும்.

அதுவரை காத்திருக்க வேண்டுமா? தேவையில்லை. எடை கொஞ்சம் குறைந்தாலே தடுப்பான் குறைகிறது. தினமும் அரை மணி நேரம் வேகமாக நடக்கலாம். சோற்றைக் குறைத்துக் காயைக் கூட்டலாம். சர்க்கரை மாத்திரையை "இன்று உடம்பு நன்றாக இருக்கிறது" என்று நிறுத்தக் கூடாது.

தையல்காரர் டேப் ஒன்று கொண்டு வந்திருக்கிறேன். ஒரு பக்கம் அங்குலம், மறுபக்கம் சென்டிமீட்டர். சென்டிமீட்டர் பக்கத்தைப் பாருங்கள். மூச்சை இழுத்து வயிற்றை உள்ளே தள்ளக் கூடாது! இடுப்புச் சுற்றளவு ஆண்களுக்கு 90-க்குள், பெண்களுக்கு 80-க்குள் இருக்க வேண்டும். பெண்களுக்குப் பெண்களே அளக்கட்டும். உங்கள் எண்ணை நீங்களே படித்து, நீங்களே நோட்டில் எழுதுங்கள். அதிகமாக உள்ளவர்கள் நாளைக் காலை சாப்பிடாமல் சுகாதார நிலையத்துக்கு வாருங்கள். சர்க்கரை பார்த்துவிடலாம். நானும் வருகிறேன்.