படித்தோர் கருத்தும் பண்பட்ட செவியும்

(படிப்பு வட்டக் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



படித்த புதினங்களையும் பாக்களையும் பற்றிக் கருத்துரைக்க இங்குக் கூடியுள்ளோம். 'நன்று' என்பார் ஒருவர். 'நன்றன்று' என்பார் மற்றொருவர். இவ்விரண்டும் கருத்தாகா, கருத்தின் வாயில்களே ஆகும். ஏன் நன்று, எவ்விடத்தில் நன்று என நூலைத் திறந்து காட்டும்போதுதான் கருத்துப் பிறக்கிறது.

இதனை எனக்குக் கற்பித்தவன் என் மாணவன் ஒருவன். மு. வரதராசனாரின் 'அகல் விளக்கு' என்னும் புதினத்தைப் பற்றி வகுப்பில் பேசச் சொன்னேன். 1961-ஆம் ஆண்டுச் சாகித்திய அகாதெமிப் பரிசு பெற்ற நூல் அது. அழகும் அறிவும் வாய்ந்த சந்திரன் ஒழுக்கம் தவறி, நோயுற்று அழிகிறான். அவன் நண்பன் வேலு அடக்கத்தோடு வாழ்ந்து நிலைக்கிறான். 'வேலுவைப் போல் வாழ வேண்டும்' என்றே பலரும் ஒப்பித்தனர். அவனோ எழுந்து, "ஐயா, என்னால் சந்திரனை வெறுக்க முடியவில்லை, அவனுக்காக அழுதேன்" என்றான். "நூலின் நோக்கம் அதுவன்று, உட்கார்" என்றேன். உட்கார்ந்தான். அவ்வாண்டு முழுதும் எந்நூலைப் பற்றியும் அவன் பின்னர் வாய் திறக்கவில்லை.

கோடை விடுமுறையில் அந்நூலை மீண்டும் படித்தேன். கதையைச் சொல்பவனே வேலுதான். வீழ்ந்த நண்பனை நெஞ்சில் வைத்தே அவன் சொல்கிறான். வேலுவே வெறுக்காதவனை என் மாணவன் ஏன் வெறுக்க வேண்டும்? நூலைச் செம்மையாகப் படித்தவன் அவன். அறத்தை மட்டும் பிழிந்தெடுத்து, நூலைச் சக்கையென எறிந்தவன் நான். பள்ளி திறந்ததும் அவனைத் தேடினேன். குடும்பத்தோடு வேற்றூர் சென்றுவிட்டான். அன்று அவனுக்குச் சொல்லியிருக்க வேண்டியதை இன்று இவ்வவையில் சொல்கிறேன்: பிழை என்னுடையது.

கருத்து வேறுபாடு தமிழர்க்குப் புதிதன்று. தொல்காப்பியம் அதங்கோட்டாசான் முன்னிலையில் அரங்கேறியதெனப் பாயிரம் கூறும். திருக்குறளுக்குப் பழைய உரைகாரர் பதின்மர் என்பது வழிவழிச் செய்தி. அவருள் பரிமேலழகரை, வடநூல் வழி நின்றார் என நாம் பலவிடங்களில் மறுக்கிறோம். அவரோ தம்மொடு மாறுபட்டார் உரையையும் எடுத்துக் காட்டியே மறுக்கிறார். அப்பண்பை அவரிடம் கற்பதில் நமக்கு இழுக்கில்லை.

பாட்டிற்கு வருவோம். குறுந்தொகைப் பாட்டு நான்கடி முதல் எட்டடி வரை அமைந்தது. அதனைப் பற்றி ஒரு நாழிகை பேசுவோர், ஒருமுறையேனும் அதனை வாய்விட்டுப் படிப்பதில்லை. முதலில் பாட்டு ஒலிக்கட்டும். பின்னர் நாம் ஒலிப்போம்.

இன்னொன்றும் மனந்திறந்து சொல்வேன். நம்மவர் எழுதினார் என்பதற்காகவோ, தூய தமிழில் அமைந்தது என்பதற்காகவோ சுவையற்ற பாட்டைப் போற்றுவது தமிழ்த்தொண்டு ஆகாது. மாற்றார் எழுதினார் என்பதற்காக நல்ல புதினத்தைப் படியாமலே தூற்றுவதும் ஆகாது. சொல்பவர் எவராயினும் சொல்லின் உண்மையைத் தேடுக என்பதே வள்ளுவர் காட்டிய நெறி.

இளையோர்களே! ஆசிரியர்க்கு உவப்பானதைச் சொல்லாதீர்கள். உங்கள் நெஞ்சு கண்டதைச் சொல்லுங்கள். சொன்னதற்கு நூலில் இடங்காட்டுங்கள். பெரியோர்களே! அவர்கள் முடிக்கும் வரை பொறுத்திருங்கள்.

இன்று இவ்வவையில் அகவையில் இளையவர் முதலில் பேசட்டும். நான் அமர்ந்து கேட்கிறேன்.