சாலைப் பாதுகாப்பு – நம் பங்கு என்ன?

(நமது சங்கத்தின் மூத்த அங்கத்தினர்கள் மாதாந்திரக் கூட்டத்தில், ஜனவரி சாலைப் பாதுகாப்பு மாதத்தை ஒட்டி ஆற்றிய உரை)



இந்த மேடையில் வழக்கமாக உபன்யாசம் நடக்கும். இல்லாவிட்டால் யாராவது டாக்டர் வந்து சர்க்கரை, ரத்த அழுத்தம் பற்றிப் பேசுவார். இந்தத் தடவை செயலாளர் என்னைக் கூப்பிட்டு, "சாலைப் பாதுகாப்பு பற்றி நீங்கள் பத்து நிமிஷம் பேசுங்கள், சர்க்காரில் இருந்தவர்தானே" என்றார். நான் சாலைத் துறையில் இருந்தவன் அல்ல. பௌதிகத்தில் பி.எஸ்ஸி. படித்துவிட்டு முப்பத்தைந்து வருஷம் கோப்புகளோடு குடித்தனம் நடத்தியவன். ஆகவே எனக்குத் தெரிந்த இரண்டே விஷயங்களைச் சொல்கிறேன். ஒன்று, வேகம் என்ன செய்யும் என்பது. மற்றொன்று, ஒரு கோப்பு எப்படி நகரும் என்பது.

முதலில் கணக்கு. மத்திய அரசின் அறிக்கைப்படி 2022ஆம் வருஷத்தில் நம் தேசத்தில் 4,61,312 சாலை விபத்துகள். இறந்தவர்கள் 1,68,491 பேர். அதாவது தினம் சுமார் 460 பேர். இவர்களில் சாலையில் நடந்து போனவர்கள் மட்டும் 32,825 பேர். ஹெல்மெட் போடாமல் போய் உயிர் விட்டவர்கள் 50,029 பேர். தினம் ஒரு பெரிய விமானம் விழுந்தால் நாடே அல்லோலகல்லோலப்படும். சாலையில் ஒவ்வொருவராகப் போவதால் பேப்பரில் ஆறாம் பக்கத்தில் நாலு வரி.

இனி பௌதிகம். வேகம் இரண்டு மடங்கானால் மோதலின் சக்தி நான்கு மடங்காகும். மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் மோதுவது மூன்றரை மீட்டர் உயரத்திலிருந்து, அதாவது முதல் மாடியிலிருந்து விழுவதற்குச் சமம். 60 கிலோமீட்டர் என்றால் பதினாலு மீட்டர். நாலாவது மாடி பால்கனி! நாலாவது மாடியில் குழந்தை எட்டிப் பார்த்தால் பதறிப்போய்க் கம்பி வலை போடுகிறோம். அதே குழந்தையை ஸ்கூட்டரில் முன்னால் நிற்க வைத்து 60-இல் போகிறோம்.

இப்போது, இந்த விஷயத்தில் எனக்கு ஏன் அக்கறை வந்தது என்று சொல்ல வேண்டும். 2014இல் எங்கள் காலனியில் இருந்த ஒரு மாமி, பிரதோஷத்தன்று கோயிலிலிருந்து திரும்பும்போது, சாலையைக் கடக்கையில் மோட்டார் சைக்கிள் மோதி விழுந்தார். பிரசாதப் பொட்டலம் சாலையில் சிதறிக் கிடந்தது. சுற்றி முப்பது நாற்பது பேர் நின்றோம். 'நின்றோம்' என்றுதான் சொல்ல வேண்டும், நானும் நின்றேன். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனால் போலீஸ் கேட்கும், கோர்ட்டுக்கு வரச் சொல்லும், எத்தனை வருஷம் இழுக்குமோ என்று என் மனசு கணக்குப் போட்டது. ஐந்து நிமிஷம் இருக்கும். பிறகு ஸ்டாண்டிலிருந்து ஒரு ஆட்டோக்காரர் வந்து, "சாஹேப், கையைப் பிடியுங்கள்" என்று மராத்தியில் அதட்டினார். அப்போதுதான் என் கை நீண்டது. மறுநாள் மாமி காலமானார். அந்த ஐந்து நிமிஷம் முன்னதாகப் போயிருந்தால் பிழைத்திருப்பாரா? டாக்டரிடம் கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. இன்று வரை கேட்கவில்லை.

பதின்மூன்றாம் நாள் கழிந்ததும் நாங்கள் சிலர் சேர்ந்து அறுபது கையெழுத்துடன் ஒரு மனு கொடுத்தோம். 'இந்த இடம் மிகவும் அபாயகரமானது, தக்க நடவடிக்கை எடுக்கவும்' என்று. மூன்று மாதம் கழித்து, 'உரிய நடவடிக்கைக்காக அனுப்பி வைக்கப்பட்டுள்ளது' என்று பதில் வந்தது. எனக்குக் கோபம் வரவில்லை, சிரிப்புத்தான் வந்தது. அந்த வாக்கியத்தை நானே ஆயிரம் தடவை எழுதியிருக்கிறேன்! மேஜைக்கு அந்தப் பக்கம் இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: 'அபாயம்' என்ற சொல்லை வைத்துக்கொண்டு எந்த அதிகாரியாலும் எதுவும் செய்ய முடியாது. என்ன குறை, எந்த இடத்தில், யார் சரி செய்ய வேண்டும் என்று மூன்றும் தெரிந்தால்தான் கோப்பு நகரும்.

ஆகவே ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கினோம். ரிடையரான ஆறு பேர், இருவர் இருவராக, காலையில் ஸ்கூல் நேரம், சாயங்காலம் கோயில் நேரம், அரை மணி அரை மணியாக இரண்டு வாரம் நின்று எழுதினோம். பார்த்தது என்ன தெரியுமா? ஜீப்ரா கிராஸிங் ஓரிடத்தில் இருக்கிறது. ஜனங்கள் கடப்பது நாற்பது மீட்டர் தள்ளி, டிவைடரில் இருந்த ஓர் இடைவெளி வழியாக. காரணம், பஸ் ஸ்டாப் அதற்கு நேர் எதிரே. அங்கே தெருவிளக்கை மரக்கிளை மறைத்திருந்தது. சிக்னலில் நடப்பவர்களுக்குக் கிடைத்தது 12 வினாடி. சாலையின் அகலம் 15 மீட்டர். இஞ்சினியர்கள் சாதாரணமாக நடப்பவரின் வேகத்தை வினாடிக்கு 1.2 மீட்டர் என்று வைத்துக்கொள்வார்கள். கணக்கு ஏறக்குறைய சரிதான். ஆனால் நம் வயசுக்காரர்களை நிறுத்தி அளந்து பார்த்தோம்; 0.8 மீட்டர்கூடத் தேறவில்லை. 12 வினாடியில் சாலையின் மூன்றில் இரண்டு பங்கைக்கூடத் தாண்டுவதில்லை. யாரும் தப்புச் செய்யவில்லை. முழங்கால் வலியை யாரும் கணக்கில் எடுக்கவில்லை, அவ்வளவுதான்.

பிறகு இதில் சம்பந்தப்பட்ட எல்லோரிடமும் பேசினோம். ஆட்டோ ஸ்டாண்டுக்காரர்கள், "பஸ் ஸ்டாப்பில் நிற்பதில்லை, பத்தடி முன்னால் நிற்கிறது, ஜனங்கள் பஸ்ஸுக்கு முன்னால் புகுந்து கடக்கிறார்கள், அதுதான் ஆபத்து" என்றார்கள். இரண்டு வாரம் நின்றும் எங்கள் கண்ணில் அது படவில்லை. நடைபாதையில் கடை போட்டிருந்த பூக்காரம்மாவிடம் போய், உங்களால்தான் ஜனங்கள் சாலையில் இறங்கி நடக்கிறார்கள் என்றோம். "நான் நகர்கிறேன், என் வயிறு எங்கே நகரும்?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. கோயில் டிரஸ்டிகளிடம் பேசி, காம்பவுண்டுக்கு உள்ளே இடம் வாங்கிக் கொடுத்தோம். ஸ்கூல் பிரின்சிபால் மணி அடித்ததும் எல்லா வகுப்புகளையும் ஒரே சமயத்தில் விடாமல் பத்து நிமிஷ வித்தியாசத்தில் விட ஒப்புக்கொண்டார். டிராஃபிக் ஹவல்தாரும் எங்கள் நோட்டைப் படித்துவிட்டு, எந்தக் கடிதம் எந்த ஆபீசுக்குப் போக வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தார். விளக்குக்கு ஒன்று, மரத்துக்கு ஒன்று, சிக்னலுக்கு ஒன்று, டிவைடருக்கு ஒன்று என்று நாலு தனித்தனிக் கடிதம், ஒவ்வொன்றும் ஒரே பக்கம், போட்டோவுடன்.

பதினாலு மாதம் ஆயிற்று. சிக்னல் 20 வினாடி ஆனது. மரக்கிளை வெட்டப்பட்டது. டிவைடர் இடைவெளிக்குக் கம்பி வேலி வந்தது. அதற்குப் பிறகு அந்த இடத்தில் உயிர்ச்சேதம் இல்லை. ஆனால் விஞ்ஞானம் படித்தவன் பொய் சொல்லக் கூடாது. ஒரே ஒரு இடத்தை வைத்து இதை நிரூபணம் என்று சொல்ல முடியாது. தப்பான திசையில் வரும் மோட்டார் சைக்கிள்களை இன்னும் எங்களால் நிறுத்த முடியவில்லை. மழைக்காலம் முடிந்தால் ஜீப்ரா கோடுகள் அழிந்துவிடும். மறுபடி கடிதம் எழுத வேண்டும்.

பெரிய அளவில் பலன் தெரிய வேண்டுமானால் நாம் அடிக்கடி போகும் மும்பை–புனே எக்ஸ்பிரஸ் சாலையைப் பாருங்கள். சுமார் 95 கிலோமீட்டர். 2016இல் அதில் 151 பேர் இறந்தார்கள். அந்த வருஷம் மாநில சாலை மேம்பாட்டுக் கழகம், நெடுஞ்சாலைப் போலீஸ், மஹிந்திரா நிறுவனம், ஸேவ்லைஃப் ஃபவுண்டேஷன் என்ற தன்னார்வ அமைப்பு எல்லோரும் கைகோத்தார்கள். தன் இளவயது உறவினரை விபத்தில் பறிகொடுத்த பியூஷ் திவாரி 2008இல் தொடங்கிய அமைப்பு அது. ஒவ்வொரு விபத்தையும் அந்த இடத்துக்கே போய் ஆராய்ந்தார்கள். ஓரத்தில் நின்ற லாரிகள், தடுப்பில்லாத கான்கிரீட் தூண்கள் என்று ஒவ்வொன்றாகச் சரி செய்தார்கள். 2019இலேயே இறப்பு நூறுக்குக் கீழே வந்தது, 2020இல் 66. அது ஊரடங்கு வருஷம் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். ஆனாலும் வழி அதேதான்: பார்ப்பது, எழுதுவது, உரியவரிடம் சேர்ப்பது, விடாமல் கேட்பது.

கடைசியாகச் சட்டம். அன்று எனக்கிருந்த பயத்துக்கு இன்று இடமில்லை. 2016 மார்ச்சில் உச்ச நீதிமன்றம், விபத்தில் உதவுபவர்களைப் பாதுகாக்கும் நெறிமுறைகளுக்குச் சட்ட பலம் கொடுத்தது. 2019இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தில் 134ஏ என்ற பிரிவே வந்துவிட்டது. நல்லெண்ணத்தோடு உதவியவர் மீது வழக்குப் போட முடியாது. பெயர், விலாசம் சொல்லும்படி யாரும் கட்டாயப்படுத்த முடியாது. 2025இல் வந்த திட்டப்படி, விபத்தில் அடிபட்டவருக்கு ஏழு நாள் வரை, ஒன்றரை லட்சம் ரூபாய் வரை கட்டணமில்லாச் சிகிச்சை உண்டு. முதல் ஒரு மணி நேரம்தான் முக்கியம். 108ஐக் கூப்பிடுங்கள். நின்று பார்க்காதீர்கள்.

நம் வீட்டுக்கும் ஒரு வார்த்தை. பேரன் புது வண்டி வாங்கினால் சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைக்கிறோம், சந்தனப் பொட்டு இடுகிறோம். ஹெல்மெட் மட்டும் பரண் மேல் இருக்கிறது. லைசென்ஸ் வயசு வராத பிள்ளையிடம் சாவியைக் கொடுத்தால், பெற்றவருக்கு மூன்று வருஷம் வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம் என்று சட்டம் சொல்கிறது. "சமத்துப் பையன், பக்கத்துத் தெருவுக்குத்தானே" என்று நாம்தான் சிபாரிசு செய்கிறோம்.

சங்க ஆபீசில் செயலாளர் மேஜையில் ஒரு நோட்டுப் புத்தகம் வைத்திருக்கிறேன். உங்கள் தெருமுனையில் பயப்படும்படியான இடம் இருந்தால், இடம், நேரம், கண்ட குறை மூன்றையும் எழுதுங்கள். கடிதம் எழுதும் வேலை என்னுடையது. அது எனக்குப் பழகிய தொழில். முதலுதவி வகுப்பு ஒன்று நடத்தலாம் என்று நம் டாக்டர் அங்கத்தினர் ஒருவர் சொல்லியிருக்கிறார். அதற்கு முதல் பெயராக என் பெயரை எழுதிவிட்டேன். அடுத்த தடவை யாராவது அதட்டித்தான் என் கை நீள வேண்டும் என்று இருக்கக் கூடாது.

வீட்டுக்குப் போகும்போது பார்த்துக் கடந்து போங்கள்.