புல்லட் பின்னால் வரட்டும், புத்தி முன்னால் போகட்டும்!

மதிப்பிற்குரிய நடுவர் அவர்களே! எதிரணியில் வீரம் பொங்க அமர்ந்திருக்கும் நண்பர்களே! எங்கள் அணியில் அமைதியாக ஜெயித்துக்கொண்டிருக்கும் தோழர்களே! (சிரிப்பு) வட சென்னைப் பெருமக்களே!

'சாகசப் பயணத்தில் கை கொடுப்பது துணிச்சலா, முன்னேற்பாடா?' முன்னேற்பாடே என்று பேச வந்திருக்கிறேன்.

எதிரணித் தம்பி என்ன சொன்னார்? "துணிஞ்சவன் புல்லட்டை எடுத்தான், லடாக் போனான், ஜெயிச்சான்!" நல்லாத்தான் இருக்கு. ஆனா அந்தப் புல்லட் எங்கேய்யா வளர்ந்தது? இந்தத் திருவொற்றியூர் மண்ணில! (கைதட்டல்) 1955இல் இங்கிலாந்துக் கம்பெனியோடு மெட்ராஸ் மோட்டார்ஸ் கைகோத்து, என்ஃபீல்டு இந்தியா பிறந்தது. முதல் நாளே முழு வண்டியும் நாமே செய்வோம்னு யாரும் துணிச்சலா குதிக்கல. பாகங்களை வரவழைச்சு, பூட்டிப் பழகி, அப்புறம் படிப்படியா எல்லாத்தையும் இங்கேயே செஞ்சாங்க. 1970இல் இங்கிலாந்தில் அந்தத் தயாரிப்பே நின்னு போச்சு. நம்ம ஊர்ல நிக்கல. அது துணிச்சலா, முன்னேற்பாடா? நடுவர் குறித்துக்கொள்ள வேண்டும்.

எதிரணியினர் 'ஊக்கமுடைமை' என்று வள்ளுவரைத் துணைக்கு அழைத்தார்கள். அது எத்தனையாவது அதிகாரம்? அறுபது! அதற்கு முன்னாலேயே ஐயன் நான்கு அதிகாரம் வைத்திருக்கிறார். 47 தெரிந்துசெயல்வகை, 48 வலியறிதல், 49 காலமறிதல், 50 இடனறிதல். நாற்பத்தேழைத் தாண்டாம அறுபதுக்குப் போக முடியாதுங்க. (கைதட்டல்)

மணாலியிலிருந்து லே போகிற பாதையில் இந்த அதிகாரங்களை வைத்துப் பாருங்கள்.

வலியறிதல். வழியில் தாண்டி என்றொரு ஊர். நம்ம பசங்க வாயில பேரே 'தாண்டி'! அங்கே பெட்ரோல் பங்கில் பல வருஷம் ஒரு பலகை இருந்தது: அடுத்த பங்க் 365 கிலோமீட்டர். வருஷத்துக்கு எத்தனை நாளோ அத்தனை கிலோமீட்டர்! வண்டி எவ்வளவு கொடுக்கும், கேன்ல எவ்வளவு இருக்குன்னு தெரியாதவன் துணிச்சலா போகலாம். திரும்பி வரும்போது லாரி மேல வருவான். (சிரிப்பு)

காலமறிதல். அந்தப் பாதையில் பனி உருகி ரோட்டுக்குக் குறுக்கே ஓடை ஓடும். காலையில் கணுக்கால் தண்ணி. வெயில் ஏற ஏற, மதியத்துக்கு மேல வண்டியையே தள்ளிவிடும். அனுபவசாலி விடியலில் கிளம்பி ஓடையைக் கடந்துவிடுவான். பத்து மணி வரைக்கும் தூங்கின வீரன் கரையில நிப்பான்.

இடனறிதல். லே நகரம் கிட்டத்தட்ட 11,500 அடி உயரம். கடல் மட்டத்தில் வாழ்கிற நாம் அங்கே இறங்கியதும், இரண்டு நாள் சும்மா படுத்து உடம்பைப் பழக்கணும். அதற்கு மேலே கர்துங்லா கணவாய் 17,500 அடி. அங்கே காற்றின் அழுத்தம் நம்ம எண்ணூர்க் கடற்கரையில் இருப்பதில் பாதிதான். மனுஷனுக்கும் மூச்சு வாங்கும், என்ஜினுக்கும் மூச்சு வாங்கும். தலைவலி, வாந்தி, மயக்கம் வந்தால் கீழே இறங்குவதுதான் மருந்து. "நான் ராயபுரத்துக்காரன்டா!"ன்னு மலைகிட்ட சொன்னா மலைக்குப் புரியுமா? (பலத்த சிரிப்பு)

எங்கள் தெருவில் ஒரு பையன் லடாக் போனான். ஆறு மாசம் திட்டம். கையுறை, முட்டிக் கவசம், ஸ்பேர் கேபிள், பஞ்சர் கிட், மாத்திரை. அவன் அம்மா தன் பங்குக்கு முறுக்கும் புளிக்காய்ச்சலும் கட்டிக் கொடுத்தாங்க. போனான். பத்திரமா வந்தான். தெருவே கொண்டாடிச்சு. அடுத்த ஞாயிற்றுக்கிழமை அதே பையன், அதே புல்லட்டில், காசிமேட்டுக்கு மீன் வாங்கப் போறான். ஹெல்மெட் எங்கே தெரியுமா? டேங்க் மேல! "ஏம்பா?"ன்னேன். "பக்கத்துலதானே சார்!"னு சொன்னான்.

பெருமக்களே, சிரிக்காதீர்கள். (அமைதி) எண்ணூர் ரோடு உங்களுக்குத் தெரியும். ஒரு பக்கம் கடலும் கருங்கல்லும். மறுபக்கம் துறைமுகத்துக்குப் போகிற கன்டெய்னர் லாரிகள். மணிக்கணக்காக வரிசையில் நின்று கண் எரிந்துபோன டிரைவர். அந்த லாரியின் இடது பக்கம் ஒட்டிப் போகிற டூவீலர் அவர் கண்ணுக்குத் தெரியாது. அவர் கெட்டவர் இல்லை. அவருக்கும் வீட்டில் பிள்ளை உண்டு. அவருக்குத் தெரிகிற இடத்தில் நாம் போக வேண்டும், அவ்வளவுதான்.

இமயமலைக்குப் போறவனை ஊரே பயந்து வழியனுப்புது. திருவொற்றியூர்ல இருந்து ராயபுரம் போறவனை யாரும் வாசல் வரைக்கும்கூட வந்து பாக்கறதில்ல. லடாக் வாழ்க்கையில ஒரு தடவை. எண்ணூர் ரோடு தினமும் ரெண்டு தடவை! எது பெரிய சாகசம்?

துணிச்சல் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. துணிச்சல் வண்டியைக் கிளப்பும். வீடு வந்து சேர்ப்பது முன்னேற்பாடு. வண்டிச் சத்தம் கேட்டால்தான் சோற்றில் கை வைக்கிற தாய்மார்கள் இந்தக் கூட்டத்தில் நிறைய இருக்கிறார்கள். நடுவர் அவர்களே, தீர்ப்பை என்னிடம் கேட்க வேண்டாம், அவர்களிடம் கேளுங்கள் என்று சொல்லி விடைபெறுகிறேன். (நீண்ட கைதட்டல்)