சூரியகாந்தி இதழும் சிலிக்காத் தகடும்

குற்றாலத்தில் சாரல் விழும் நாட்களில் சுந்தரபாண்டியபுரத்து வயல்களில் சூரியகாந்தி பூத்துக் கிடக்கும். படமெடுக்க ஊர் ஊராக ஆட்கள் வருகிறார்கள். அந்த மஞ்சளுக்குள் நல்ல வேதியியல் பாடம் ஒன்றும் இருக்கிறது: வினைசெயல் தொகுதிகளில் எதற்கு முனைவுத்தன்மை அதிகம்?

பாடம் படிக்க உதவும் கலை வண்ணப்பிரிகை. ரஷ்யத் தாவரவியலாளர் மிகயில் ட்ஸ்வெட் 1903இல் வார்சாவில் இதைப் பற்றிப் பேசினார். பெயர் சூட்டியது 1906இல். சுண்ணத்தூள் நிரப்பிய குழாயில் இலைச்சாற்றை விட்டார். கரோட்டின் முதலில் இறங்கியது, சாந்தோபில் பின்தங்கியது.

இன்று சிலிக்கா பூசிய சிறு தகடு போதும். அடியிலிருந்து ஒரு சென்டிமீட்டர் மேலே பென்சிலால் கோடு. பேனா ஆகாது, மையும் சேர்ந்து ஓடிவிடும். கோட்டின்மேல் இதழ்ச்சாற்றையும் முருங்கைக்கீரைச் சாற்றையும் புள்ளி வைத்து, ஹெக்சேனில் சிறிது எத்தில் அசிட்டேட் கலந்து, தகட்டை அதில் நிறுத்தி மூடிவைக்க வேண்டும். கரோட்டின் வெறும் ஹைட்ரோகார்பன். கரைப்பானோடு உச்சிக்கே போய்விடும். கீரையின் லூட்டினில் இரண்டு ஹைட்ராக்ஸில் தொகுதிகள் உண்டு. அவை சிலிக்காவுடன் ஹைட்ரஜன் பிணைப்பு கொண்டு கீழேயே நின்றுவிடும்.

செண்டுமல்லியை வைத்தால் இன்னும் அருமை. அதில் இருப்பதும் லூட்டின்தான். ஆனால் ஹைட்ராக்ஸில்களைக் கொழுப்பமிலங்கள் எஸ்டராக மூடியிருக்கின்றன. அதனால் அது கீரை லூட்டினைத் தாண்டி வெகு மேலே ஏறும். எஸ்டரைவிட ஆல்கஹாலுக்கு முனைவுத்தன்மை கூடுதல் என்பதைக் கண்ணே சொல்லிவிடும்.

இருமுனைத் திருப்புத்திறனை மட்டும் மனப்பாடம் செய்கிற மாணவர்கள் இங்கேதான் தடுமாறுகிறார்கள். அசிட்டோனுக்கு அது சுமார் 2.9 டிபை, எத்தனாலுக்கு 1.7. அப்படியிருந்தும் எத்தனால் 78 டிகிரியில் கொதிக்கிறது, அசிட்டோன் 56இலேயே. ஹைட்ரஜன் பிணைப்பைத் தரவும் பெறவும் ஆல்கஹாலால் முடியும். கீட்டோனுக்குப் பெற மட்டுமே தெரியும். இந்த வேறுபாட்டைச் சொல்லாமல் வரிசையை மட்டும் ஒப்பிக்க வைப்பது பிள்ளைகளுக்குச் செய்யும் அநியாயம். ஹைட்ரோகார்பன், ஈதர், எஸ்டர், கீட்டோன், ஆல்கஹால், கார்பாக்ஸிலிக் அமிலம் என்று ஏறும் அந்த வரிசையைத் தகட்டில் பார்த்தவருக்கு மறக்காது.

சூரியகாந்தி எண்ணெயையும் இப்படிச் சோதிக்கலாம். புது எண்ணெயில் பெரும்பகுதி எஸ்டர், மேலே ஏறும். நாள்பட்டு நீர்சேர்ந்து சிதைந்த எண்ணெயில் விடுபட்ட கொழுப்பமிலம் கீழே தனிப் புள்ளியாகத் தங்கும். இரண்டுக்கும் நிறமில்லை. தகட்டை அயோடின் ஆவியில் சற்று வைத்தால் பழுப்பாகத் தெரியும்.