ஓடத் தொடங்கும் இளைஞர்களுக்கு
(வெள்ளி விழா இளைஞர் அரங்கில் ஆற்றிய உரை)



கல்விச் சங்கத்தின் விழாவில் ஓட்டத்தைப் பற்றிப் பேசுவதா என்று சிலர் எண்ணக்கூடும். காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். நம் மாலை வகுப்புகளில் பயின்று, காவலர் தேர்வின் எழுத்துப் பகுதியில் வெற்றி பெறும் பிள்ளைகளுள் சிலர் உடல்திறன் தேர்வு நடைபெறும் மைதானத்தில் தோற்றுத் திரும்புகின்றனர். பாடத்தில் தோற்றவனை மீண்டும் படி என்று சொல்லலாம். இரவெல்லாம் படித்து வென்றவன் ஏழு நிமிட ஓட்டத்தில் தோற்று வருவதைக் காணும்போது ஓர் ஆசிரியனுக்கு மனம் பொறுப்பதில்லை.

தமிழ்நாடு சீருடைப் பணியாளர் தேர்வு வாரியம் இரண்டாம் நிலைக் காவலர் பணிக்கு அண்மை ஆண்டுகளில் வெளியிட்ட அறிவிக்கைகளின்படி, ஆண்கள் 1500 மீட்டர் தொலைவை 7 நிமிடங்களிலும், பெண்கள் 400 மீட்டர் தொலைவை 2 நிமிடம் 30 வினாடிகளிலும் ஓடி முடித்தல் வேண்டும். உயரத்தில் நமக்குச் சலுகை உண்டு. பிற வகுப்பு ஆண்களுக்கு 170 சென்டிமீட்டர் எனில் நம்மவர்க்கு 167 போதும். பெண்களுக்கு 159 என்பது 157 ஆகிறது. ஓட்டத்தில் சலுகை ஏதும் இல்லை. அது வேண்டுவதும் இல்லை. கடிகாரம் எவரையும் நீ எந்தத் தெரு என்று கேட்பதில்லை. இத்தேர்வில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி அதுவே.

சற்றுக் கணக்குப் போட்டுப் பாருங்கள். 1500 மீட்டருக்கு 7 நிமிடம் என்றால் 100 மீட்டருக்கு 28 வினாடி. 200 மீட்டர் சுற்றளவுள்ள பள்ளி மைதானத்தில் ஏழரைச் சுற்று. சுற்று ஒன்றுக்கு 56 வினாடி. மிதிவண்டியை நிதானமாக மிதித்துச் செல்பவனின் வேகம் ஏறத்தாழ இவ்வளவே. பிறகு ஏன் தோற்கிறார்கள்? முதற் சுற்றை நாய் துரத்தியவனைப் போல 40 வினாடியில் ஓடிவிட்டு, மூன்றாம் சுற்றில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றுவிடுகிறார்கள். இன்னொரு காரணமும் உண்டு. எழுத்துத் தேர்வின் முடிவு வந்த மறுநாள்தான் பலர் ஓடவே தொடங்குகின்றனர். சில வாரங்களில் ஆறு மாதப் பயிற்சியைச் செய்து முடிக்க முற்படுகின்றனர்.

உடல் அவ்வாறு இணங்குவதில்லை. மூச்சும் இதயமும் ஓட்டத்திற்கு விரைவில் பழகிக்கொள்ளும். எலும்பும் தசைநாணும் பழகுவதற்கு மாதங்கள் ஆகும். ஆகவேதான் மூன்றாம் வாரத்தில் மூச்சு வாங்காமல் ஓடும் இளைஞன், இனி நமக்கென்ன என்று தொலைவை இரு மடங்காக்குகிறான். நான்காம் வாரத்தில் கணைக்கால் எலும்பின் உட்புறம் வலி கண்டு படுத்துவிடுகிறான். வலியோடு ஓடுவதை வீரம் என்று கருதுவோர் இங்கே இருப்பின், அவர்கள் எலும்பில் விரிசல் கண்டு தேர்வு நாளன்று வீட்டில் இருக்க நேரிடும்.

மெதுவாக ஓடுவது இழிவன்று. 1962ஆம் ஆண்டில் அமெரிக்காவின் புகழ்பெற்ற ஓட்டப் பயிற்சியாளர் பில் பவர்மன் நியூசிலாந்து சென்றிருந்தார். அங்கே ஆர்தர் லிடியார்டு என்ற பயிற்சியாளர், நடுத்தர வயதினரையும் முதியோரையும் திரட்டி மெல்லோட்டம் ஓடச் செய்துவந்தார். பவர்மனும் அவர்களோடு ஓடிப் பார்த்தார். எழுபதைக் கடந்த, இதய நோயிலிருந்து மீண்ட ஒருவருக்கு ஈடுகொடுக்க இயலாமல் அவர் பின்தங்கினாராம்! நாடு திரும்பி, மருத்துவர் ஒருவருடன் சேர்ந்து அவர் எழுதிய சிறு நூல், அமெரிக்க மக்களிடையே மெல்லோட்டம் பரவுவதற்குப் பெரிதும் காரணமாயிற்று.

இனி, தொடங்கும் முறைக்கு வருவோம். இதுவரை ஓடியே அறியாதவர்க்காக 1996ஆம் ஆண்டில் ஜோஷ் கிளார்க் என்ற அமெரிக்கர் வகுத்த ஒன்பது வாரத் திட்டம் உலகெங்கும் கையாளப்படுகிறது. வாரத்தில் மூன்று நாள் மட்டுமே ஓட்டம். முதல் வாரத்தில் ஐந்து நிமிடம் விரைந்து நடக்க வேண்டும். பின்பு ஒரு நிமிடம் ஓட்டம், ஒன்றரை நிமிடம் நடை என இருபது நிமிடம் மாறிமாறிச் செய்ய வேண்டும். அவ்வளவுதான். பின்வரும் வாரங்களில் ஓட்டம் சிறிது சிறிதாகக் கூடும், நடை குறையும். ஒன்பதாம் வாரத்தில் அரை மணி நேரம் நிற்காமல் ஓடும் நிலை வரும். ஒரு வாரம் கடினமாக இருந்தால் அதே வாரத்தை மீண்டும் செய்யுங்கள். வகுப்பில் ஓராண்டு தங்கிவிட்டதாக எவரும் எழுதப்போவதில்லை. அரை மணி ஓட்டம் கைவந்த பின்னரே கடிகாரத்தை எடுத்து 56 வினாடிக் கணக்கைப் பழக வேண்டும்.

வேகம் சரியா என்பதை அறிய எளிய வழி ஒன்று உண்டு. ஓடும்போதே ஒரு திருக்குறளை முழுமையாகச் சொல்லிப் பாருங்கள். ஏழு சீரும் தடையின்றி வந்தால் வேகம் சரி. முதலடியிலேயே மூச்சு முட்டினால் வேகத்தைக் குறையுங்கள். தமிழாசிரியர்களும் மகிழ்வார்கள்.

நாளெல்லாம் வயலிலும் செங்கற்சூளையிலும் உழைப்பவனுக்கு ஓட்டப்பயிற்சி எதற்கு என்று பெரியவர்கள் கேட்கிறார்கள். உழைப்பு உரம் தரும், மறுக்கவில்லை. ஆனால் நெடுநேரம் சீராக ஓடும் திறன் ஓடிப் பழகினால்தான் வரும். சுமை தூக்கிய நாளில் ஓட வேண்டா. உறக்கமும் உணவும் பயிற்சியின் பகுதிகளே. கேழ்வரகுக் கூழ், வேர்க்கடலை, முட்டை, பயறு இவை போதும். விளம்பரத்தில் வரும் மாவுப் பொட்டலங்களை வாங்கிப் பெற்றோரின் கூலியைக் கரைக்காதீர்கள்.

காலணியைப் பற்றியும் கேட்கிறீர்கள். எத்தியோப்பியாவின் அபேபே பிகிலா 1960ஆம் ஆண்டு ரோம் ஒலிம்பிக்கில் வெறுங்காலோடு மாரத்தான் ஓடித் தங்கம் வென்றார். 1964இல் டோக்கியோவில் காலணியுடன் மீண்டும் வென்றார். ஆகவே விலையுயர்ந்த காலணிக்காகக் காத்திருக்க வேண்டா. மண் தரையில், கையில் இருப்பதைக் கொண்டு தொடங்கலாம். எனினும், செருப்பணிந்து ஊர்த்தெருவில் நடக்கவே தடை இருந்த காலத்தை நம் பாட்டனார் அறிவர். நம் பிள்ளை காலணி ஒன்று வேண்டுமென்று கேட்டால், அதை ஆடம்பரம் என்று நான் சொல்லமாட்டேன்.

பெண் பிள்ளைகளின் தாய்மார்களுக்கு ஒரு வேண்டுகோள். 2019-21ஆம் ஆண்டுகளின் தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டுப் பெண்களில் பாதிக்கு மேற்பட்டோர் இரத்தசோகை உடையவர்கள். சிறிது ஓடினாலே தலைசுற்றி உட்கார்ந்துவிடும் பெண்ணைச் சோம்பேறி என்று ஏசாமல் ஆரம்ப சுகாதார நிலையத்திற்கு அழைத்துச் சென்று இரத்தத்தைச் சோதியுங்கள். பள்ளியில் வாரந்தோறும் தரும் இரும்புச்சத்து மாத்திரையைத் தவறாமல் உண்ணச் செய்யுங்கள். நாற்பதைக் கடந்தவரும், சர்க்கரை நோயோ இரத்த அழுத்தமோ உடையவரும் மருத்துவரைக் கேட்ட பின்னரே ஓட வேண்டும். ஓடும்போது நெஞ்சு வலித்தால் அந்த இடத்திலேயே நிறுத்திவிட்டு மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். இதில் தயக்கம் கூடாது.

மைதானம் இல்லாதவர் சாலையில்தான் ஓட வேண்டியிருக்கும். எதிர்வரும் வண்டி கண்ணுக்குத் தெரியுமாறு வலப்புறமாக ஓடுங்கள்; வெளிர்நிறச் சட்டை அணியுங்கள்; காதில் கைப்பேசிப் பாட்டு வேண்டா. ஊர்த்தெரு வழியே ஓடினால் ஏதேனும் சொல்வார்கள் என்று ஒரு தம்பி என்னிடம் தயங்கினான். 1950 முதல் நடைமுறையில் உள்ள நம் அரசமைப்புச் சட்டத்தின் 15ஆம் பிரிவு, இரண்டாம் உட்பிரிவில், கிணறு, குளம், படித்துறை என்பவற்றோடு சாலையையும் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. சாதியின் பெயரால் எவரையும் அதிலிருந்து விலக்க முடியாது. அண்ணல் அம்பேத்கர் தலைமையிலான குழு வரைந்த சட்டம் அது. படிப்பதற்காக மட்டுமன்றி அந்தச் சாலையில் கால் பதிப்பதற்காகவும் அது எழுதப்பட்டது. தொடக்கத்தில் தனியே போகாமல் நால்வராய், ஐவராய்ச் சேர்ந்து ஓடுங்கள்.

வரும் திங்கட்கிழமை முதல், திங்கள், புதன், வெள்ளி ஆகிய மூன்று நாட்களிலும் காலை ஐந்தரை மணிக்குப் பள்ளி மைதானத்தின் கதவு திறந்திருக்கும். மாணவியரோடு தாய்மார்களும் வந்து நடக்கலாம். கடிகாரமும் ஊதலும் நான் கொண்டு வருகிறேன். முதல் வாரத்தில் எவரேனும் வேகமாக ஓடினால் அவரை நிறுத்துவதற்காகவே அந்த ஊதல்.